மூளையைக் காணிக்கையாக்கிய கன்னியர்

பாடம் ஒப்பிக்கத் தவறிய சிறுவனை நோக்கி, "உனக்கு மூளை இருக்கிறதா?" என்று கேட்பது நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நெடுநாளைய வழக்கம். கூர்மதி படைத்தவனை மூளைசாலி என்கிறோம். பேச்சில் தடுமாறும் முதியவரைக் கண்டால் மூளை மழுங்கிவிட்டது என்கிறோம். மண்டையோட்டுக்குள் ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுடன் அமைந்த அவ்வுறுப்பு நலமாயிருந்தால் அறிவும் நலமாயிருக்கும், அது தேய்ந்தால் அறிவும் அதே அளவுக்குத் தேயும் என்று நம்மையறியாமலே கணக்கிட்டு வைத்திருக்கிறோம். இக்கணக்கைச் சோதித்துப் பார்க்க உலகுக்கு உதவியவர்களுள் முதன்மையானோர் ஒரு துறவறச் சபையின் முதிய கன்னியர் என்பது வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். முதியோரைப் பேணும் குடும்பங்களுக்கு அச்செய்தி பெரிதும் வேண்டுவதாகையால், அதைச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

பவேரியா நாட்டில் கரோலினா கெர்ஹார்டிங்கர் என்னும் ஆசிரியை 1833ஆம் ஆண்டில் தொடங்கிய சபை, நோத்தர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபை. துறவறத்தில் இயேசுவின் மரிய தெரேசா எனப் பெயர் பூண்ட அவ்வன்னைக்குத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1985ஆம் ஆண்டில் முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1847இல் இச்சபையினர் கடல் கடந்து அமெரிக்கா சென்றனர். அங்கு ஊர்தோறும் பள்ளிகளை ஏற்று நடத்தினர். மின்னசோட்டா மாநிலத்தின் மான்கேட்டோ நகரில், நல்ல ஆலோசனை மாதாவின் பெயர் தாங்கிய குன்றின்மேல் அவர்களுடைய மடம் ஒன்று இருந்தது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் மறைக்கல்வியும் கற்பித்துக் களைத்த சகோதரிகள் பலர் முதுமையை அங்கே கழித்தனர். 1986ஆம் ஆண்டில் டேவிட் ஸ்னோடன் என்னும் இளம் ஆய்வாளர் அம்மடத்தை நாடி வந்தார். எந்நோய் யாரை ஏன் பற்றுகிறது என்று மக்கள் கூட்டங்களை ஒப்பிட்டு ஆராய்வது அவர் துறை. அப்போது மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி வந்தார்.

அவர் கன்னியரை நாடியதற்குத் தக்க காரணம் இருந்தது. சாதாரண மக்களிடையே முதுமையின் தளர்ச்சியை ஆராயப் புகுந்தால் ஆயிரம் குறுக்கீடுகள் வரும். ஒருவர் புகைபிடிப்பவர், மற்றவர் குடிப்பவர். ஒருவர் செல்வர், மற்றவர் மருத்துவரையே காணாத வறியவர். ஒருத்தி பத்துப் பிள்ளை பெற்றவளாயும் இன்னொருத்தி மணமே ஆகாதவளாயும் இருப்பாள். இவற்றுள் எது மூளையைப் பாதித்தது என்று எவ்வாறு பிரித்தறிவது? மடத்திலோ எல்லாருக்கும் ஒரே அடுக்களை, ஒரே மருத்துவ உதவி, ஒரே மணியோசை. புகையில்லை, பிள்ளைப்பேறு இல்லை, தொழிலும் பெரும்பாலார்க்கு ஆசிரியத் தொழிலே. வாழ்க்கை முறை இவ்வளவு ஒத்திருந்தும், ஒரு சகோதரி 95 வயதில் செய்தித்தாள் படித்து வாதாடுகிறார். அவரைவிட இருபது வயது இளையவர் தம் அறைக்கு வழி தெரியாமல் நிற்கிறார். இந்த வேற்றுமைக்கு விடை தேடுவதே ஆய்வின் நோக்கமாயிற்று. இதனோடு, மடத்தின் பதிவறையில் ஒவ்வொரு சகோதரியின் வாழ்க்கையும் இளமை முதல் ஏட்டில் இருந்தது. அதன் அருமையைப் பின்னர்க் கூறுவோம்.

ஆய்வு விரிந்தபோது ஸ்னோடன் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். சகோதரிகளிடம் அவர் வேண்டியது சிறிய உதவியன்று. ஆண்டுதோறும் நினைவுத் தேர்வு எழுத வேண்டும்; மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும்; இறந்தபின் மூளையை ஆய்வுக்கு அளிக்க வேண்டும். 1917ஆம் ஆண்டுக்கு முன் பிறந்து, அப்போது 75 வயதைக் கடந்திருந்த 1,027 சகோதரிகளிடம் இவ்வேண்டுகோள் வைக்கப்பட்டது. 678 பேர் இசைந்தனர். எஞ்சியோர் மறுத்தனர் என்பதையும் நாம் மதிப்போடு குறித்தல் வேண்டும். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்தவர்களாயினும் இதில் எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை.

உடலை இவ்வாறு அளிப்பது உடலின் உயிர்ப்பை நம்பும் நமக்குத் தகுமோ என்று வினவுவோர் இன்றும் உள்ளனர். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, அறிவியல் ஆய்வுக்காக இறந்தோர் உடலைச் சோதிப்பதை ஒழுக்க நெறிக்கு உட்பட்டதென ஏற்கிறது. இறந்தபின் உறுப்புகளை வழங்குவதை மேலான செயலெனப் பாராட்டுகிறது. நம் மறைமாவட்டங்களில் கண் தானத்தைப் பற்றிப் பேசுகையில் எழும் அதே தயக்கத்துக்கும் இதுவே விடை.

தேர்வு எப்படிப்பட்டது என்று அறிந்தால் நம் வீட்டு முதியோரை நினைத்துக்கொள்வோம். பத்துச் சொற்களைப் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம் வேறு பேச்சில் ஈடுபடுத்தி, பின் அவற்றுள் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பர். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைக் கூறமுடியும் என்று பார்ப்பர். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பர். கோடுகளால் ஆன உருவத்தைப் பார்த்து வரையச் சொல்வர். இன்று என்ன நாள், இது எந்த ஊர் என்பன போன்ற வினாக்கள் அடங்கிய, 30 மதிப்பெண் கொண்ட வேறொரு தேர்வும் உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டுகள் பிறரைத் தேர்வெழுத வைத்தவர்கள் தாமே ஆண்டுதோறும் தேர்வெழுத அமர்ந்தனர்.

சகோதரி ஒருவர் இறைவனடி சேர்ந்ததும் மூளை எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். உடல் வழக்கம்போல் நல்லடக்கம் செய்யப்படும். அம்மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்ணோக்கியில் நோக்குவோருக்கு அதற்குரியவர் பெற்ற மதிப்பெண் தெரியாது. தெரிந்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே காணும் அன்றோ! உறுப்பின் நிலையைத் தனியே எழுதி, மனத்தின் வினையைத் தனியே எழுதி, பின்னரே இரண்டையும் ஒப்பிட்டனர்.

அவர்கள் தேடியது யாது? 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண்மணி ஒருவர் அழைத்து வரப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்கி நடுவில் மறந்துபோகும் நிலையில் அவர் இருந்தார். 1906இல் அவர் இறந்தபின் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவர் மூளையைச் சோதித்து இரண்டு பொருள்களைக் கண்டார். நரம்பணுக்களுக்கு இடையே கறை போன்ற படிவுகள் தேங்கியிருந்தன. அணுக்களுக்குள்ளேயோ நூல் சிக்குண்டது போன்ற முடிச்சுகள் கிடந்தன. படிவு அமிலாய்டு என்னும் புரதத்தாலும் முடிச்சு டவ் என்னும் புரதத்தாலும் ஆனவை எனப் பின்னாளில் தெரிந்தது. முடிச்சுகள் காதுக்கு உட்புறமாக, புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியில் முதலில் தோன்றி, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவி, மொழியும் தீர்ப்பும் நடைபெறும் மேற்புறணியை எட்டுகின்றன. அதனாலேயே இந்நோயில் முதலில் காலை உணவு மறக்கிறது. பின் பேரனின் பெயர் மறக்கிறது. இறுதியில் ஆடை உடுத்தும் முறையும் மறந்துபோகிறது.

கன்னியரிடையே முடிச்சுகள் மிகுந்தோர்க்குப் பொதுவில் நினைவும் குறைந்தே இருந்தது. உறுப்புக்கும் அறிவுக்கும் உள்ள பிணைப்பை இது உறுதிசெய்கிறது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் கணக்குக்கு அடங்காத சிலர் இருந்தனர். அவர்களுள் தலையாயவரை ஆய்வுக் கட்டுரைகள் மேரி சகோதரி என்று அழைக்கின்றன. எட்டாம் வகுப்புக் கல்வியோடு 19ஆம் வயதில் கற்பிக்கத் தொடங்கியவர் அவர். கோடை விடுமுறைகளில் சிறிது சிறிதாகப் படித்து, 41ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 77 வயதுவரை முழுநேரமும், 84 வயதுவரை பகுதி நேரமும் ஆசிரியப் பணி செய்தார். 101ஆம் வயதில் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் எழுதிய தேர்வில் 30க்கு 27 பெற்றார். பின்னர் அவர் மூளை ஆய்வுமேசைக்கு வந்தது. எடை 870 கிராமே. அல்சைமர் கண்ட அதே படிவுகளும் முடிச்சுகளும் அதில் மிகுதியாய் இருந்தன. மூளையை மட்டும் பார்த்தவர் எவரும் இஃது ஒரு தெளிந்த சிந்தையாளரின் மூளை என்று கூறியிருக்க இயலாது.

பெர்னதெத் சகோதரி என ஆய்வில் குறிக்கப்படுபவர் 85 வயதில் மாரடைப்பால் இறந்தவர். அவர் மூளையில் முடிச்சுகள் இறுதி நிலையை எட்டிப் புறணி முழுதும் பரவியிருந்தன. எனினும் கடைசி ஆண்டுகளின் தேர்வுகளில் அவர் சிறந்த மதிப்பெண்களே பெற்றிருந்தார். இதற்கு மாறாக, மூளையில் சேதம் குறைவாகத் தெரிந்தும் வாழ்வில் நினைவை இழந்திருந்தோரும் உண்டு.

இதனை அறிவியலார் மூளையின் சேமிப்பு என்னும் கருத்தால் விளக்குகின்றனர். ஊருக்குச் செல்லும் பாதை ஒன்றே ஆனால், வெள்ளம் அதை அரித்த அன்றே போக்குவரத்து நின்றுவிடும். வரப்பும் ஒற்றையடிப் பாதையுமாகப் பல வழிகள் உள்ள ஊருக்கு எப்படியாவது சென்றடையலாம். நீண்ட காலம் கற்றும் கற்பித்தும் பழகிய மூளையில் நரம்பணுக்களிடையே இணைப்புகள் செழித்திருப்பதால், சில அழிந்தாலும் எஞ்சியவை வேலையை ஏற்கின்றன என்பது அவர்கள் கருத்து. மேரி சகோதரியின் 22 ஆண்டுக் கோடைப் படிப்பு அவ்வாறு ஒரு சேமிப்பாய் அமைந்திருக்கக்கூடும் என்று நாமும் எண்ணுகிறோம். ஆனால் அவரைப் போலவே உழைத்துப் படித்தும் நினைவிழந்த சகோதரிகள் அதே மடங்களில் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. நோயுற்றவர் சோம்பியிருந்தவர் என்று பொருள்கொள்வது பெருங்கொடுமை.

1997ஆம் ஆண்டில் வெளியான முடிவு ஒன்று நம் குடும்பங்களுக்கு உடனே பயன்படத்தக்கது. இறந்த 102 சகோதரிகளின் மூளைகளைச் சோதித்ததில் 61 மூளைகளில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் இருந்தன. அந்த 61 பேருள், மூளையின் ஆழத்தில் நுண்ணிய இரத்தக் குழாய் அடைபட்ட தழும்பு இல்லாதோரில் 57 விழுக்காட்டினரே வாழ்நாளில் அறிவுத் தளர்ச்சி உற்றிருந்தனர். ஒன்றிரண்டு தழும்புகள் உள்ளோரிலோ 93 விழுக்காட்டினர் தளர்ந்திருந்தனர். கடுகளவு தழும்பு செய்த வேற்றுமை அது! முடிச்சுகளைத் தடுக்கும் வழி எளிதன்று; ஆனால் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைப்பது நம்மால் இயலும். மாத்திரை உண்ண மறுக்கும் முதியோரிடம், இதயத்துக்கு மட்டுமன்றி நினைவுக்கும் அதுவே காவல் என்று எடுத்துரைக்கலாம்.

இனிப் பதிவறைக்குச் செல்வோம். 1930ஆம் ஆண்டில் அச்சபையின் தலைமைச் சகோதரி ஒருவர், வார்த்தைப்பாடு எடுக்கவிருக்கும் இளம் சகோதரிகள் தத்தம் வாழ்க்கையை ஒரே தாளில், 200 முதல் 300 சொற்களுக்குள் எழுதித் தரவேண்டும் எனப் பணித்தார். பிறந்த ஊர், பெற்றோர், பள்ளி, துறவறத்துக்கு ஈர்த்த காரணம் இவையே பொருள். எழுதியோரின் சராசரி வயது 22. அத்தாள்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அடுக்கில் உறங்கின. மொழியும் முதுமையும் பற்றி ஆராய்ந்த சூசன் கெம்பர் என்பார் அவற்றை எடுத்து, பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் அடங்கியுள்ளன என்று எண்ணினார். இதனைக் கருத்தடர்த்தி எனலாம். "நான் ஒரு சிற்றூரில் பிறந்தேன். என் தந்தை உழவர். எனக்கு ஐந்து சகோதரர் உள்ளனர்" என்று எழுதுவோர் உண்டு. "மழை பொய்த்த ஆண்டில், கடனுக்கு அஞ்சித் தூங்காத ஓர் உழவரின் ஆறாம் குழந்தையாய்ப் பிறந்தேன்" என்று எழுதுவோரும் உண்டு. (இவ்வெடுத்துக்காட்டுகள் நாம் புனைந்தவை.) பின்னதில் ஒவ்வொரு சொல்லும் சுமை தாங்குகிறது.

93 சகோதரிகளின் தாள்களை அவர்கள் ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப்பின் எழுதிய நினைவுத் தேர்வுகளோடு ஒப்பிட்டபோது, இளமையில் கருத்தடர்த்தி குறைந்தோரே முதுமையில் மிகுதியாகத் தளர்ந்திருக்கக் கண்டனர். அவர்களுள் அதுவரை இறந்திருந்தோர் 14 பேர். கருத்தடர்த்தி குறைந்திருந்தோர் அனைவர் மூளையிலும் அல்சைமர் நோய் உறுதிப்பட்டது; மிகுந்திருந்தோர் எவர் மூளையிலும் அது காணப்படவில்லை. 1996இல் இம்முடிவு வெளியானபோது உலகம் திடுக்கிட்டது.

நமக்கும் திகைப்பே உண்டாயிற்று. எனினும் இம்முடிவை ஒரு சோதிடமாகக் கொள்வதை நாம் கடுமையாக மறுக்கிறோம். 14 என்பது சிறிய எண்ணிக்கை. மேலும், எழுத்தின் செழுமை பிற்கால நோயைத் தடுத்ததா, அல்லது இளமையிலேயே மூளையில் இருந்த ஏதோ ஒரு வேற்றுமை எழுத்தாகவும் நோயாகவும் வெவ்வேறு காலத்தில் வெளிப்பட்டதா என்பதை இந்த ஆய்வு தீர்க்கவில்லை. கட்டுரை எழுதத் தெரியாத மகளைப் பார்த்து நாளை நோயாளி ஆவாய் என்று அச்சுறுத்த எப்பெற்றோருக்கும் இதில் இடமில்லை. பிள்ளைகளோடு நிறையப் பேசவும், கதை கேட்கவும், நூல் படிக்கப் பழக்கவும் வேண்டும் என்று கொள்வோமாயின், அதனால் எவருக்கும் கேடில்லை.

அதே தாள்களில் வேறொன்றும் கிடைத்தது. 180 சகோதரிகளின் எழுத்தில் மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை, அன்பு போன்ற உணர்வுகள் எத்தனை இடங்களில் உள்ளன என்று எண்ணி 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வுணர்வுகள் மிகக் குறைந்திருந்த பிரிவினர்க்கு, மிகுந்திருந்த பிரிவினரைவிட முதுமையில் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. இது மூளையின் வினையா, மனத்தின் வினையா, அருளின் வினையா என்று பிரிக்க நாம் முற்படவில்லை.

பிரிக்க முற்படுவது நம் மறையின் வழக்கமும் அன்று. மூளை ஆய்வு வளர்ந்தால் ஆன்மாவைப் பற்றிய போதனை ஆட்டங்காணும் என்று அஞ்சும் நல்லோர் சிலரை நாம் அறிவோம். 13ஆம் நூற்றாண்டிலேயே அக்குவினா புனித தோமையார் தம் இறையியல் தொகுப்பின் முதற் பாகம், 84ஆம் வினாவில் இதனை எதிர்கொண்டுள்ளார். உடலுறுப்பு சேதமுற்று நினைவோ கற்பனையோ தடைப்பட்டால், மனிதன் முன்பு அறிந்திருந்ததையும் உணரமாட்டாது போகிறான் என்பதை அவர் ஒளிவுமறைவின்றி ஏற்கிறார். ஆன்மா இம்மையில் உடலோடு ஒன்றி, உடலின் கருவிகளைக் கொண்டே அறிகிறது என்பது அவர் போதனை. யாழின் நரம்பு அறுந்தால் இசை கேளாது. அதனால் இசைவாணர் இறந்துவிட்டார் என்பது பொருளாகாது. இவ்வுவமை நமது, அவரதன்று.

மூளையை முதன்முதல் நேர்மையாக ஆராய்ந்தோருள் ஒருவரும் நம்மவரே. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் 1665இல் பாரிஸ் நகரில் அறிஞர் அவையொன்றில் மூளையைப் பற்றி உரையாற்றினார். தமக்கு இவ்வுறுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்ற அறிக்கையோடு தொடங்கி, தெரியும் என்று நடித்தோரின் பிழைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். இரண்டாண்டுகளில் கத்தோலிக்கரானார்; பின் குருவாகி, ஆயராகி, 1686இல் வறுமையில் இறந்தார்; 1988இல் முத்திப்பேறு பெற்றார்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள். இவற்றை நாம் தேடிப் படித்ததற்கு நம் பெரியம்மாவே காரணம். 1920இல் பிறந்த அவர், 85 வயதுக்குமேல் நாளும் பொழுதும் மறந்தார். மகனைத் தம் தம்பி என்றும், மருமகளை யாரோ விருந்தாளி என்றும் கருதினார். ஆனால் மாலையில் செபமாலை தொடங்கினால் அவர் குரலும் சேர்ந்தது. அதில் ஒரு விந்தை. சங்கத்துக்குப் பின் வந்த புதிய மொழிபெயர்ப்பை அவர் முப்பது ஆண்டுகளுக்குமேல் கோவிலில் சொல்லியவர். அஃது அவர் நாவிலிருந்து முற்றிலும் அகன்றுவிட்டது. சிறுமியாய் இருந்தபோது கற்ற பிரியதத்த மந்திரமே, அந்தப் பழைய வடசொற்களோடு, ஒரு சொல் பிறழாமல் வந்தது. வீட்டார் அருள் நிறைந்த மரியே என்று தொடங்க, அவர் மட்டும் பழையதைத் தம் வேகத்தில் சொல்லி முடிப்பார். பேரப்பிள்ளைகள் சிரிப்பர்.

நோயில் புது நினைவு முன்னும் பழைய நினைவு பின்னும் அழியும் என்பதைத் தியோடூல் ரிபோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1881ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். நினைவு என்பது ஒரே அறையன்று என்பதும் பின்னர்த் தெரிந்தது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய் தீர மூளையின் உட்பகுதிகளை அறுத்து நீக்கினர். அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் கொள்ள இயலவில்லை. ஆயினும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது. பயிற்சி செய்ததை மட்டும் அவர் அறியார். 2008இல் இறக்கும்வரை அவர் நிலை அதுவே. கையும் நாவும் பழகியவை வேறிடத்தில் காக்கப்படுகின்றன. செபமாலை மணிகளை உருட்டும் விரல்களுக்கும் இது பொருந்தும்.

பெரியம்மாவைக் காண வந்தோர், அவர் அமர்ந்திருக்கும்போதே, அவருக்கு எதுவும் விளங்காது என்ற எண்ணத்தில், அவரைப் பற்றி வீட்டாரிடம் உரக்கப் பேசுவர். தேர்வு வைத்திருந்தால் அவர் 30க்கு ஐந்தும் பெற்றிருக்கமாட்டார் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு பேசிச் சென்றோர் போனபின் அவர் முகம் வாடியிருந்ததை அவருடைய மருமகள் பலமுறை நம்மிடம் கூறியதுண்டு. 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இத்தகைய மறதி நோயுடன் வாழ்கின்றனர். சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில், தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரைப் பொறுத்துக்கொண்டு மதிக்குமாறு பிள்ளைகளுக்குக் கூறப்பட்டுள்ளதை அத்தனை வீடுகளிலும் யாரேனும் வாசித்தல் நன்று.

ஒரு முதல் வெள்ளிக்கு முந்தைய நாள், பெரியம்மாவின் மூத்த மகன், அதாவது நம் அண்ணன், பங்குத்தந்தையிடம் சென்றார்.

"சாமி, அம்மாவுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. நன்மை கொடுக்கலாமா? அவமரியாதை ஆகிவிடுமோ என்று பயமாயிருக்கிறது."

இக்கேள்வி பல வீடுகளில் வாய்விட்டுக் கேளாமல் புழுங்கிக் கிடப்பதாலேயே இதனை இங்கு எழுதுகிறோம். பங்குத்தந்தை, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டில் நற்கருணையைப் பற்றி எழுதிய மடலை எடுத்துக் காட்டினார். அறிவுக் குறைபாடுடையோர் திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்றிருப்பின், இயன்றவரை அவர்களுக்கு நற்கருணை வழங்கப்படவேண்டும் என்றும், அவர்கள் தம்மைச் சூழ்ந்த குடும்பத்தின் விசுவாசத்திலும் அதைப் பெறுகின்றனர் என்றும் அம்மடலின் 58ஆம் எண் கூறுகிறது. "உங்கள் விசுவாசம் எங்கே போயிற்று, அண்ணாச்சி? அம்மாவுக்காக நீங்கள் நம்புங்கள்" என்றார் அவர். விழுங்க முடிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சிறு துண்டும் ஒரு வாய்த் தண்ணீரும் போதும் என்றார்.

மறுநாள் காலை அவர் வந்தபோது பெரியம்மா அவர் பெயரைக் கேட்டார். சொன்னார். சற்றுநேரத்தில் மீண்டும் கேட்டார். மீண்டும் சொன்னார். நற்கருணைச் சிமிழைத் திறந்ததும் பெரியம்மா பேச்சை நிறுத்தி, சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்து இறங்கி முழந்தாளிட முயன்றார். இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.